ஏரிக்கு ஐப்பசியில்தான் வருஷப் பிறப்பு

எங்கள் ஏரிப் பாதுகாப்புச் சங்கத்தின் பொதுக்குழு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. பெஞ்செல்லாம் பிள்ளைகளுக்கானது என்பதால் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செயலாளர் ஆண்டறிக்கையை வாசித்தார். இத்தனை தூய்மைப் பணி, இத்தனை பள்ளியில் விழிப்புணர்வு முகாம், அப்புறம் "சங்கம் தொடங்கிய நாள் முதல் நட்ட மரக்கன்றுகள்" என்று தடித்த எழுத்தில் ஒரு பெரிய எண். கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவர் எழுந்தார்.

"சார், மூணு வருஷமா ஒரே குழியிலதான் கன்னு வைக்கிறீங்க. குழி வெட்டுனவன் நான். அத ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்களா, மூணுன்னு எழுதியிருக்கீங்களா?"

மூன்று என்றுதான் எழுதியிருந்தது. பொய்க்கணக்கு இல்லை. மூன்று தடவையும் கன்று வாங்கிய ரசீது இருந்தது, புகைப்படம் இருந்தது, நடவுக்கூலி வவுச்சர் இருந்தது. மரம் மட்டும்தான் இல்லை.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "கணக்கைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க சார்" என்று கூப்பிட்டதால் போனேன். அடுத்த தேர்தலில் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். சங்கத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. நடந்தது எல்லாச் சின்னச் சங்கங்களிலும் நடப்பதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏரியும் அதன் சொந்தக்காரர்களும்

எங்கள் ஏரி ஊசுடு. புதுச்சேரியிலிருந்து 10 கி.மீ. மேற்கே, பத்துக்கண்ணு போகும் வழியில் இருக்கிறது. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 800 ஹெக்டேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புதுச்சேரியிலும், மீதி தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாடு 2015-இல். சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. நத்தைக்குத்தி நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் மாநில எல்லை தெரியாது. மனுப் போடுகிறவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

சரணாலயம் வனத்துறையிடம். மதகும் கரையும் பொதுப்பணித்துறையின் நீர்ப்பாசனப் பிரிவிடம். ஓரத்து ஊர்களின் குப்பையும் சாக்கடையும் கொம்யூன் பஞ்சாயத்திடம் (புதுச்சேரியின் ஊராட்சி அமைப்பு). எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் பூத்துறை, காசிப்பாளையம், பெரம்பை. அங்கே எல்லாம் வேறு அலுவலகம், வேறு முத்திரை. இத்தனை பேருக்கு நடுவில் எங்கள் சங்கத்தின் கையில் இருந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

ஏரிக்கு ஒரு சங்கம் என்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கிராமப் பொது நிதி வைத்து ஏரி பராமரித்த ஏற்பாடு இங்கே உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோதும், ஏரிக்கு ஏரி பயன்படுத்துவோர் சங்கம் அமைத்தார்கள். அவற்றில் பாசனக்காரர்கள் இருந்தார்கள். எங்கள் சங்கத்தில் இருந்தவர்கள் டவுனில் குடியிருக்கும் ஆசிரியர், வங்கி ஊழியர், வியாபாரி, ஒரு டாக்டர். நல்லவர்கள்தான். ஆனால் ஏரி நிரம்பினால் யாருடைய நிலத்தில் தண்ணீர் ஏறும், வற்றினால் யாருக்கு வலை வீச வசதி என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

14 நாள்

சங்கம் 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானது. அந்தச் சட்டம் ரொம்பச் சின்னது, அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அதில் 4-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பொதுக்குழு நடந்த 14 நாளுக்குள், நிர்வாகக் குழுவில் யார் யார் என்று பெயர், முகவரி, தொழிலோடு பட்டியல் எழுதிப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத் தாள். எங்கள் சங்கம் அதைச் சில வருஷமாகக் கொடுக்கவில்லை.

கொடுக்காததால் என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பழைய பொருளாளர் வெளியூர் போய்விட்டார். வங்கியில் கையெழுத்து மாற்றப் போனபோது, பதிவாளரிடம் உள்ள பட்டியலின் சான்று நகல் கேட்டார்கள். அங்கே இருந்த பட்டியலில் ஒருவர் இறந்தே போயிருந்தார். புதுக் குழு சட்டத்தின் கண்ணுக்குக் குழுவே இல்லை. கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல், காவலாளுக்கு ஐந்து மாதம் சம்பளத்தைச் செயலாளர் தன் பையிலிருந்து கொடுத்தார். அதற்கு ரசீதும் வாங்கவில்லை. அதைச் சரிசெய்வதில்தான் என் முதல் மூன்று மாதமும் போனது.

வருமான வரிப் பக்கமும் இதே கதைதான். சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தந்த 12ஏ, நன்கொடையாளருக்குச் சலுகை தந்த 80ஜி ஆகிய பதிவுகள் முன்பு போல ஆயுளுக்கும் நிற்பதில்லை. 2021-க்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்றானது; சின்னச் சங்கங்களின் 12ஏ பதிவுக்கு மட்டும் 2025-இல் அது பத்து வருஷம் ஆனது. நன்கொடை தந்தவர்கள் விவரத்தைப் அதற்கான படிவத்தில் மே 31-க்குள் ஏற்றினால்தான் அவர்களுக்கு வரிச்சலுகைச் சான்றே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அந்தத் தொகைக்குச் சலுகை கிடையாது. இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிப் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினேன். அதற்குமேல் இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முத்தியால்பேட்டைக்காரர் வெளிநாட்டவர் ஆன கதை

புதுச்சேரிச் சங்கங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் பள்ளம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவர், ஏரிக்கரையில் நடக்கப் பழகி, எங்களோடு சேர்ந்துவிட்டார். ஒருநாள் 50,000 ரூபாய்க்குக் காசோலை நீட்டினார். இங்கேயே உள்ள வங்கி, இந்திய ரூபாய். செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

நான் பாஸ்போர்ட் கேட்டேன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்.

"அவரு முத்தியால்பேட்டையில பொறந்தவரு சார். நம்ம ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாம உபயம் செய்யிறவரு. அவரு எப்படி வெளிநாட்டுக்காரரு?" என்றார் செயலாளர். நியாயமான கேள்வி. ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் எந்த ஊரில் பிறந்தார், எந்த வங்கியில் கணக்கு, ரூபாயா யூரோவா என்று பார்ப்பதில்லை. குடியுரிமையை மட்டும் பார்க்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை இருந்தால், வில்லியனூரில் குடியிருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம். பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் அல்ல. தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான்.

அந்தச் சட்டத்தில் பதிவு வாங்க, சங்கம் தொடங்கி மூன்று வருஷம் ஆனதையும், கடைசி மூன்று வருஷத்தில் முக்கியப் பணிக்கு 15 லட்சம் செலவு செய்த கணக்கும் காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும்போதே டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். எங்கள் மாதிரிச் சங்கத்துக்கு அது எட்டாத உயரம். காசோலையை வங்கியில் போடாமல் திருப்பிக் கொடுத்தோம். பொருளாக ஒரு தொலைநோக்கி வாங்கித் தரலாமா என்று கேட்டார். பொருளும் நன்கொடைதான், அதுவும் முடியாது என்றேன். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பணம் வேணாம்னா விடுங்க, ஞாயித்துக்கிழமைய வச்சுக்கங்க" என்றார். இன்றைக்கு எங்கள் பறவைக் கணக்கெடுப்பில் நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே கண் அவருடையது.

பொக்லைன் யாருடையது?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதை எழுதியதற்கும் அர்த்தம் இல்லை.

வரத்து வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. துறையின் அனுமதியோடு அதை எடுக்கப் பொக்லைன் வாடகைக்குப் பேசினார்கள். வண்டி குழு உறுப்பினர் ஒருவருடைய மச்சானுடையது. வாடகை ஊர் நிலவரம்தான், ஒரு ரூபாய் கூட அதிகமில்லை. நானே மூன்று இடத்தில் விசாரித்தேன். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை, வேறு யாரிடமும் விலை கேட்ட தாளும் இல்லை. இரண்டே மாதத்தில் "சங்கத்துல நல்லா சம்பாதிக்கிறாங்க" என்று டீக்கடையில் பேச்சு. அந்த உறுப்பினர் மனம் நொந்து விலகிவிட்டார். உண்மையில் அவர் செய்தது உதவி.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். உறவுக்காரர் சம்பந்தப்பட்ட எந்தச் செலவும் வந்தால், சம்பந்தப்பட்டவர் அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். "இன்னார் 6.10-க்கு வெளியே சென்றார், 6.25-க்குத் திரும்பினார்" என்று நேரத்தோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம் என்றதும் டீக்கடைப் பேச்சு அடங்கியது.

தப்பான கதவைத் தட்டியது

சங்கம் வருஷக்கணக்காக அனுப்பிய மனுக்களின் கோப்பு ஒன்று இருந்தது. எல்லா மனுவும் 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளைச் சொல்லித்தான் தொடங்கும். பதிலே வராது. விதிகளை எடுத்துப் படித்தால் காரணம் தெரியும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் பகுதிகளுக்கு அந்த விதிகள் பொருந்தாது. சரணாலயத்துக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதைவிட வேடிக்கை, பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்றே மனிதன் வெட்டிய நீர்நிலைகள் அந்த விதிகள் சொல்லும் "ஈரநிலம்" என்ற வரையறைக்குள்ளேயே வராது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஏரி என்றாலே பெரும்பாலும் பாசனத்துக்கு வெட்டியதுதானே? நாரைக்கு அது ஈரநிலம், காகிதத்துக்கு இல்லை. இந்த ஓட்டை எனக்கு இன்றும் உறுத்துகிறது. இருந்தாலும் மனுப் போடுகிறவன் இருக்கிற சட்டத்தைச் சொல்லித்தான் போட வேண்டும். வனத்துறைக்கு வன உயிரினச் சட்டம், பொதுப்பணித்துறைக்கு மதகு, கொம்யூனுக்குக் குப்பை என்று பிரித்து எழுதினோம். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றுக்கு வந்தது.

கன்று ஏன் செத்தது

மறுபடி அந்தக் குழிக்கு வருவோம். மூன்று வவுச்சரையும் எடுத்துத் தேதி பார்த்தேன். மார்ச் 11, மார்ச் 19, பிப்ரவரி 26.

அப்போதுதான் உறைத்தது. தொழிற்பேட்டை நிறுவனம் ஒன்று தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கன்றுக்குப் பணம் கொடுத்தது. கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் இப்படிச் செலவிட வேண்டும். வருஷம் முடிவது மார்ச் 31. ஜனவரியில் அவர்கள் ஞாபகப்படுத்துவார்கள், பிப்ரவரியில் பணம் வரும், மார்ச்சில் பேனர் கட்டிக் கன்று நட்டுப் படம் எடுத்தாக வேண்டும். நமக்கு மழை வருவதோ அக்டோபரில். நடுவில் ஏழு மாத வெயில். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டையும் ஐப்பசி மழையில் ஏறிய தண்ணீர் மூழ்கடித்துவிடும், ஏனென்றால் படத்தில் ஏரி தெரிய வேண்டும் என்று கரைக்கு உள்பக்கம் நட்டிருந்தார்கள். நட்டதும் வேம்பும் வாகையும். தண்ணீருக்குள் நிற்கிற மரங்களா அவை? தண்ணீரில் நின்று கொக்குக்குக் கூடு கட்ட இடம் கொடுக்கும் நீர்க்கடம்பையும் நாட்டுக் கருவேலத்தையும் யாரும் நினைக்கவில்லை.

கணக்குக்கு வருஷம் ஏப்ரலில் பிறக்கிறது. ஏரிக்கு ஐப்பசியில். இரண்டையும் ஒரே அறிக்கையில் போட்டுக் கட்டியதுதான் எங்கள் கோளாறு.

நிறுவனத்தாரிடம் போய்ப் பேசினோம். தொடர் திட்டம் என்று முடிவு செய்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவர்களுடைய கணக்கருக்குத் தெரிந்திருந்தது. எங்களில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கமும் அதே சிக்கல்: அறக்கட்டளையும் சங்கமும் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவிட வேண்டும் என்று வரிச்சட்டம் சொல்கிறது. அதற்கும் வழி உண்டு. இன்ன காரியத்துக்கு, இத்தனை வருஷத்துக்கு என்று தீர்மானம் போட்டு, அதற்கான படிவம் கொடுத்தால் ஐந்து வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். தீர்மானத்தில் "பொதுப் பணிகளுக்காக" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. "வரத்து வாய்க்காலில் காட்டாமணக்கு அகற்ற" என்று எழுத வேண்டும்.

இப்போது நடவு புரட்டாசிக் கடைசியில், வனத்துறை காட்டும் இடத்தில். பேனர் உண்டு, நிறுவனத்தாரும் குடை பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

புது அறிக்கை

அறிக்கை எட்டுப் பக்கமாகக் குறைந்தது. அதில் நாங்கள் சண்டை போட்டு வைத்த பக்கம் ஒன்றுதான்: ஏரி இந்த வருஷம் எப்படி இருந்தது.

மதகு அருகே உள்ள அளவுகோலில் சனிக்கிழமைதோறும் நீர்மட்டம் குறிக்கிறோம். குறிப்பவர் குழி வெட்டிய அந்த அண்ணன்தான். இப்போது நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அவரோடு பாசன விவசாயிகளில் இருவர், மீன் விற்கும் அக்கா ஒருவர் என்று நால்வரைச் சேர்த்தோம். குழுக் கூட்டம் காலை 11 மணியிலிருந்து மாலை 6 மணிக்கு மாறியது அவர்களுக்காக. டாக்டர் முணுமுணுத்தார்.

கரையில் ஐந்து இடத்தில் கல் நட்டு, ஒவ்வொரு மாதமும் அதே கல்லின்மேல் நின்று, அதே பக்கம் பார்த்து ஒரு படம். ஆகாயத்தாமரை நகர்வது அதில் தெரிகிறது. நட்ட கன்று என்ற வரி போய், "சென்ற ஆண்டு நட்டதில் இன்று உயிரோடு இருப்பவை" என்ற வரி வந்தது. பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில், ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒட்டி, அதே ஆட்கள், அதே இடங்கள், அதே நேரம். கடைசியாக ஒரு பத்தி: செய்வதாக ஒப்புக்கொண்டு செய்யாமல் விட்டவை. இந்தப் பத்திக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "நம்ம குறைய நாமே அச்சடிக்கணுமா?" என்றார் செயலாளர். ஓட்டெடுப்பில் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தப்பியது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு எங்கள் ஊர்ப் பக்கமே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. ஊரெல்லாம் வெள்ளம். ஜனவரியில் பறவை எண்ணப் போனால், முந்தின வருஷத்தைவிடக் குறைவு. செயலாளர் முகம் வாடிவிட்டது. பழைய அறிக்கையாக இருந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு வேறு படம் போட்டிருப்பார்கள். ஆனால் நீர்மட்ட நோட்டு பக்கத்திலேயே இருந்தது. ஏரி விளிம்பு வரை நிரம்பியிருந்தால் நாரைக்கும் உள்ளானுக்கும் கால் ஊன்ற ஆழமில்லாத ஓரமே இருக்காது. வயலிலும் குட்டையிலும் எங்கும் தண்ணீர் கிடக்கும்போது பறவை இங்கேதான் வர வேண்டும் என்று இல்லை. மழை நன்றாகப் பெய்த வருஷம் எண்ணிக்கை குறைவது ஏரியின் சீரழிவு அல்ல. அதேபோல், மழை பொய்த்த வருஷம் சேறும் சகதியுமாகச் சுருங்கிய ஏரியில் பறவை குவிந்தால் அது சங்கத்தின் சாதனையும் அல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தோம்.

விவசாயிக்கும் மீன்பிடிக்கிறவருக்கும் நடுவில் தண்ணீர் திறப்பது பற்றிய தகராறு தீரவில்லை. குழுவுக்குள் வந்ததால் அது இப்போது கூட்டத்தில் நடக்கிறது. முன்பு மதகடியில் நடந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் இன்னும் குழுவில் இல்லை. ஏரியில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் கிடக்கிறது. வருமானத்தில் பெரும்பங்கு இன்னமும் அந்த ஒரே நிறுவனத்திடமிருந்துதான். செயலாளர் பதவிக்கு இவரை விட்டால் வேறு ஆள் நிற்பதில்லை, எனக்குப் பிறகு நன்கொடையாளர் படிவம் ஏற்ற யார் இருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. நான்கும் "செய்யாமல் விட்டவை" பத்தியில் இருக்கின்றன, இரண்டாவது வருஷமாக.

போன சனிக்கிழமை நோட்டைப் பார்த்தேன். நீர்மட்டத்துக்கு நேரே அண்ணன் பென்சிலில் எழுதியிருந்தார்: "3-ஆம் குழி நீர்க்கடம்பு, துளிர் விட்டிருக்கு. ஒண்ணு."